எஸ்டேட் லைன் வீட்டில் இறந்த அப்பாவுக்கு இறப்புச் சான்று எங்கே கிடைக்கும்?

கேள்வி: ஐயா, எங்கள் அப்பா சேர்வராயன் மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். 1994-ல் தீபாவளி கழிந்து சில நாளில் இறந்துவிட்டார். எனக்கு அப்போது பதினாறு வயது. அம்மா என்னையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு இறங்கி வந்துவிட்டார். 2021-ல் அவரும் காலமானார். குப்பனூரில் அப்பா வாங்கிப் போட்ட 40 சென்ட் நிலம் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. பட்டா மாற்றப் போனால் அப்பாவின் இறப்புச் சான்று கேட்கிறார்கள். வி.ஏ.ஓ.விடம் போனால் தாலுகா ஆபீஸைக் கை காட்டுகிறார். அங்கே போனால் "அவ்வளவு பழசு எங்ககிட்ட இல்லம்மா" என்கிறார்கள். அண்ணனுக்குத் தெரிந்த ஒருவர், தேதியை மட்டும் சொன்னால் பதினைந்தாயிரத்துக்குச் சான்றிதழைக் கையில் தருவதாகச் சொல்கிறாராம். இன்னொருவர், ஆர்.டி.ஓ.விடம் மனுப் போட்டுப் புதிதாகப் பதியச் சொல்கிறார். எது சரி?
– வாசகி, கன்னங்குறிச்சி

பதில்: அம்மா, இரண்டுமே இப்போது வேண்டாம். உங்கள் அப்பாவின் இறப்பு 1994-லேயே பதிவாகியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. முதலில் அதைத் தேட வேண்டும். முறையாக, எழுத்தில் தேட வேண்டும்.

வீட்டில் ஒருவர் இறந்தால் குடும்பத் தலைவர் பதிவாளருக்குத் தகவல் தர வேண்டும் என்பது பொது விதி. எஸ்டேட்டுக்கு வேறு விதி. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969-ன் 9-வது பிரிவு தோட்டங்களுக்கென்றே எழுதப்பட்டது. நான்கு ஹெக்டேருக்குக் குறையாத, அதாவது ஏறக்குறைய பத்து ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள காப்பி, தேயிலை, மிளகு, ஏலத் தோட்டங்களில் பிறப்பும் இறப்பும் நடந்தால், பதிவாளருக்குத் தகவல் தர வேண்டியவர் அந்தத் தோட்டத்தை நடத்துகிறவர். மேனேஜர், சூப்பரிண்டெண்ட், எந்தப் பெயரில் அழைத்தாலும் பொறுப்பு அவருடையது. வீட்டார் அவரிடம் விவரம் சொன்னால் போதும். ஆகவே "நாங்க யாரும் போய் எழுதி வைக்கலையே" என்று நீங்கள் நினைத்தாலும், எஸ்டேட் ஆபீஸிலிருந்து தகவல் போயிருக்கலாம். மலையில் பிறந்து வளர்ந்த பலருக்கு இந்தப் பிரிவு இருப்பதே தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்.

இன்னொரு தடயமும் இருக்கிறது. அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு பி.எஃப். பணமோ, கிராஜுவிட்டியோ, குடும்ப ஓய்வூதியமோ வந்ததா? வந்திருந்தால் அப்போதே இறப்புக்கு ஆதாரமாக ஒரு சான்றைக் கொடுத்திருப்பார்கள். அம்மாவின் டிரங்குப் பெட்டி, பழைய ரேஷன் கார்டின் உறை, வங்கிப் பாஸ்புக்கின் நடுப்பக்கம் எல்லாவற்றையும் பிரித்துப் பாருங்கள். பதிவு எண் எழுதிய ஒரு மங்கிய நகல் கிடைத்தாலும் பாதி வேலை முடிந்தது. எஸ்டேட் இன்னும் நடக்கிறது என்றால் அங்கே போய் செக்ரோல் என்கிற தொழிலாளர் வருகைப் பதிவேடு, பி.எஃப். பதிவேடு பற்றிக் கேளுங்கள். கைமாறிப் போயிருந்தாலும் பழைய ரைட்டரோ கங்காணியோ ஊரில் இருப்பார்.

அப்புறம், அப்பாவோடு கடைசி நேரத்தில் இருந்த உறவினரிடம் ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: உயிர் எங்கே பிரிந்தது? இறப்பு நடந்த இடத்தில்தான் அதைப் பதிவார்கள். குடியிருந்த இடம் கணக்கில்லை. லைன் வீட்டில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பில் என்றால் அந்த வருவாய்க் கிராமம். சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த பிறகு என்றால் மலையில் எத்தனை வருஷம் தேடினாலும் கிடைக்காது, சேலம் மாநகராட்சிப் பதிவில் தேட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் வண்டியிலேயே போய்விட்டார் என்றால், வண்டி முதலில் நின்ற இடத்தில் தகவல் தர வேண்டும் என்பது விதி. அன்றைக்குப் பதினாறு வயதுப் பெண்ணிடம் பெரியவர்கள் எல்லாவற்றையும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

இனி, புத்தகம் எங்கே இருக்கும் என்பது. கிராமங்களில் வீட்டில் நடக்கும் இறப்பைப் பதிகிறவர் வி.ஏ.ஓ. என்றாலும் முப்பது வருஷத்துப் புத்தகத்தை அவர் வைத்திருக்க மாட்டார். அது தாலுகா அலுவலகத்துக்குப் போய், பிறகு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். ஆமாம், பத்திரம் பதியும் அதே அலுவலகம்தான். தாலுகாவில் "எங்ககிட்ட இல்ல" என்று சொன்னது உண்மையாகவே இருக்கலாம். இறப்பே பதிவாகவில்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது. அந்தக் கிராமத்துக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நீங்கள் இன்னும் போகவில்லை. அடுத்து அங்கே போங்கள். அம்மாவின் சான்றைத் தேடுவதுபோல இணையத்தில் தேடி ஏமாறாதீர்கள். மாநில அரசின் பிறப்பு இறப்பு இணையதளத்தில் இருப்பவை 2018-க்குப் பிந்தைய பதிவுகள்.

வாய்வழியாகக் கேட்டால் வாய்வழியாகத்தான் பதில் வரும். மனு எழுதுங்கள். 17-வது பிரிவின்படி பதிவேட்டில் தேடச் சொல்லவும் சான்று வாங்கவும் யாருக்கும் உரிமை உண்டு. வாரிசுச் சான்று கொண்டுவா என்று முதலிலேயே கேட்டால், இந்தப் பிரிவைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். மனுவில் அப்பாவின் பெயரை வழங்கிய எல்லா விதத்திலும் எழுத வேண்டும். சம்பளப் புத்தகத்தில் பெரியான், பத்திரத்தில் பெரியசாமி என்று இருப்பது மலையில் சகஜம். தாத்தா பெயர், அம்மா பெயர், எஸ்டேட் பெயர், லைன், வயது எல்லாம் இருக்கட்டும். 1994 தீபாவளி நவம்பர் தொடக்கத்தில் வந்தது. ஆனால் பதிவேடு, பதிந்த தேதி வரிசையில் ஓடும், இறந்த தேதி வரிசையில் அல்ல. எஸ்டேட்டிலிருந்து தகவல் தாமதமாகப் போயிருந்தால் பதிவு அடுத்த வருஷப் புத்தகத்தில் இருக்கும். ஆகவே 1994 நவம்பர் முதல் 1995 டிசம்பர் வரை தேடித் தருமாறு கேளுங்கள். பெரிய எஸ்டேட் என்றால் ஆபீஸ் ஒரு கிராமத்திலும் லைன் வீடு பக்கத்துக் கிராமத்திலும் இருக்கும். இரண்டு கிராமத்தின் பெயரையும் எழுதுங்கள். தேடுதல் கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்குங்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

எந்த அலுவலகத்தில் புத்தகம் இருக்கிறது என்றே யாரும் சொல்லாவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி அந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: இந்தக் கிராமத்தின் 1994, 1995 இறப்புப் பதிவேடுகள் இப்போது எந்த அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளன? முப்பது நாளில் பதில் தர வேண்டும். பதிவாளர் தேடவே மறுத்தால், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பிறகு மாவட்டப் பதிவாளரிடம் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அவர் தொண்ணூறு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுவைக் கொடுத்து வையுங்கள்.

பதிவு கிடைத்து, பெயர் மட்டும் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். 15-வது பிரிவில் திருத்தம் உண்டு. விவரம் அறிந்த, நம்பத்தகுந்த இருவரின் உறுதிமொழி தேவைப்படும்.

எல்லா இடத்திலும் தேடியும் இல்லை என்றால், "பதிவு இல்லை" என்ற சான்றை எழுத்தில் வாங்குங்கள். படிவம் 10 என்று கேட்டால் புரியும். அதற்குப் பிறகுதான் ஆர்.டி.ஓ. வழி. ஒரு வருஷத்துக்கு மேல் தாமதமான பதிவுக்கு 13(3) பிரிவில் உத்தரவு வேண்டும். முன்பு இதற்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனார்கள். இப்போது வருவாய்க் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ.விடம் மனுச் செய்கிறோம். பதிவு இல்லை என்ற சான்று, உங்கள் உறுதிமொழி, எஸ்டேட் ஆவணம், அடக்கத்துக்கு வந்தவர்களின் வாக்குமூலம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தால் விசாரித்து உத்தரவு போடுவார்கள். தேடாமல் நேரே இங்கே போனால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். பழைய பதிவு ஒன்று எங்காவது இருந்து, புதிதாகவும் ஒன்று விழுந்தால், ஒரே மனிதருக்கு இரண்டு இறப்புத் தேதி. நாளை நிலத்தை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.

அந்தப் பதினைந்தாயிரக்காரரைப் பற்றி: தேதியை மட்டும் கேட்டு யாராலும் உண்மையான சான்று தர முடியாது. அவர் தருவது போலி. அதைப் பட்டாவுக்குக் கொடுத்தால், போலி ஆவணத்தை உண்மைபோலப் பயன்படுத்திய குற்றம் கொடுத்தவர் மேல், அதாவது உங்கள் மேலும் அண்ணன் மேலும் விழும். அந்த ஆள் அப்போது போனை எடுக்க மாட்டார். அண்ணனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

சான்று கிடைத்ததும் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள், இ-சேவை மையத்திலேயே போடலாம். நீங்கள் இந்துக் குடும்பம், பட்டியல் பழங்குடியினர் இல்லை, அப்பா உயில் எழுதவில்லை, அவரைப் பெற்ற பாட்டி அப்போது உயிரோடு இல்லை என்று வைத்துக்கொண்டால், அவர் சொந்தமாக வாங்கிய நிலத்தில் அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் சம பங்கு. அம்மாவும் உயில் எழுதாமல் போயிருந்தால் அவர் பங்கும் உங்கள் இருவருக்கும்தான். கல்யாணமாகிப் போன பெண் என்பதால் எதுவும் குறையாது. வாரிசுச் சான்றில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே, பட்டா சம்பந்தமாக எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுங்கள்.