தைத்த நரம்பு எப்போது உணரும்?

கேள்வி: மும்பை தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 36. தோல் வெட்டும் கத்தி வழுக்கி இடது மணிக்கட்டில் நரம்பு துண்டாகிவிட்டது. அன்றே ஆபரேஷன் செய்து தைத்தார்கள். மூன்றரை மாதம் ஆகியும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்தே கிடக்கின்றன. உள்ளங்கை நடுவில் தட்டினால் மட்டும் விரலுக்குள் கரன்ட் அடிக்கிறது. ஆபரேஷன் தோல்வியா? நரம்பு மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: அந்தக் கரன்ட்தான் நல்ல சேதி.

விரல் நுனியின் தொடு உணர்வுக்கான நரம்பு செல் இருப்பது கழுத்தில், தண்டுவடத்தை ஒட்டி. கண்ணுக்கே தெரியாத அந்தச் செல்லிலிருந்து ஆக்சான் என்னும் இழை கிளம்பி, கை முழுக்க இறங்கி, விரல்வரை ஒரே இழையாக வருகிறது. இப்படி ஆயிரக்கணக்கான இழைகளின் கட்டுதான் நரம்பு. வெட்டுக்கு அப்பால் இருக்கும் பகுதி, செல்லோடு தொடர்பு அறுந்ததும் அழிந்துபோகும். 1850-இல் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டி இதைக் காட்டினார். ஆகவே, ஒயரை முறுக்கி இணைத்ததும் பல்பு எரிகிற கதை இதில் நடக்காது. சர்ஜன் தைப்பது வெளியுறையைத்தான். உள்ளே இழை புதிதாக வளர்ந்தாக வேண்டும்.

முதல் சில வாரம் தயக்கம், அப்புறம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி 17, 18 சென்டிமீட்டர் இருக்கும். மூன்றரை மாதத்தில் இழை உள்ளங்கை நடுவரை வந்திருப்பது கணக்குக்குச் சரி. வளரும் நுனியைத் தட்டினால் சுர்ரென்று இழுக்கும். டினெல் அறிகுறி என்போம். அந்த இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, தழும்பிலிருந்து அளந்து எழுதி வையுங்கள். மாதம் 2, 3 சென்டிமீட்டர் நகர்ந்தால் பொறுத்திருக்கலாம். இரண்டு மாதம் அதே இடத்தில் நின்றால் கை அறுவை நிபுணரிடம் போங்கள். கட்டைவிரல் அடிச்சதை வற்றுகிறதா என்பதையும் அவர் பார்க்கட்டும். ஒன்று, ஒன்றரை வருடத்துக்குள் நரம்பு வந்து சேராவிட்டால் தசை மீள்வது கடினம்.

விரல் நுனிக்கு உணர்வு வர இன்னும் மூன்று, நான்கு மாதமாவது ஆகும். வந்தாலும் பழைய நுட்பம் முழுதாகத் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பெரியவர்களுக்குக் கொஞ்சம் மந்தம் மிஞ்சுவது சகஜம்.

மாத்திரை? ரத்தத்தில் பி12 குறைவாக இருந்தால் சாப்பிடுங்கள். இல்லையென்றால் அது இழையின் வேகத்தைக் கூட்டாது. பி6-ஐ அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் நரம்பே கெடும். சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பீடி, சிகரெட் வேண்டாம்.

அதுவரை சூடான டீ கிளாஸை வலது கையால் எடுங்கள். வெந்தாலும் இடது விரலுக்குத் தெரியாது.