ஒத்துப் பார்த்துப் படியுங்கள்

கேள்வி: பரணில் ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த மரவைகளுக்கு நடுவே, பர்மிய எழுத்தில் ஒரு பாலி நூல் கிடந்தது. அன்று முதல் ஆதி பௌத்த நூல்களை முறையாகப் படிக்க ஆசை. பௌத்த சங்கம் ‘பதினெட்டுப் பிரிவுகள்’ ஆனது என்கிறார்களே, அங்கிருந்து தொடங்கலாமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: வேண்டாம் ஆச்சி. நானும் அங்கேதான் தொடங்கித் தடுக்கி விழுந்தேன். காரைக்குடியில் படித்த காலத்தில், பெல்ஜிய அறிஞர் லாமோத் 1958-ல் எழுதிய இந்திய பௌத்த வரலாறு இரவலாகக் கிடைத்தது. நேரே பிரிவுகள் அத்தியாயத்தில் புகுந்தேன். ஒரு பட்டியலில் தாயாக இருந்த பிரிவு அடுத்த பட்டியலில் மகளாக நின்றது. பதினெட்டு என்பதே மரபாகச் சொல்லும் கணக்கு. பெயர்களை எண்ணினால் கூடிவிடும். அருமையான புத்தகம்தான், ஆனால் இரண்டாம் வருஷத்துக்கு.

முதலில் மஜ்ஜிம நிகாயம், அதாவது புத்தர் உரைகளில் நடுத்தர நீளமுள்ளவற்றின் பாலித் தொகுப்பு. 152 சுத்தங்கள் (உரைகள்). ஞானமோலி பிக்கு மொழிபெயர்த்து, போதி பிக்கு திருத்தி 1995-ல் வந்த ஆங்கிலப் பதிப்பு போதும். அடிக்குறிப்புகளைத் தாண்டாதீர்கள்.

அடுத்தது நம் ஊருக்குக் கைவந்த வேலை: கணக்கு ஒத்துப் பார்ப்பது. பாலி நிகாயம் ஓர் ஏடு, அதே வகை உரைத் தொகுப்பின் சீன மொழிபெயர்ப்பான ஆகமம் இன்னோர் ஏடு. மஜ்ஜிமத்துக்கு இணையான மத்தியம ஆகமம் 397–398-ல் சீனத்துக்குப் போனது. பழைய பிரிவுகளில் ஒன்றான சர்வாஸ்திவாதிகளுடையது என்பது பலர் முடிவு. இரண்டு ஏடும் ஒத்தால் பிரிவினைக்கு முந்திய சரக்காக இருக்கலாம். (புத்தர் வாய்மொழியே என்று அதற்காகத் துள்ளக் கூடாது.) ஒவ்வாத இடத்தில்தான் பிரிவுக்காரர் கை பட்டது தெரியும். மஜ்ஜிமம் முழுவதையும் இப்படி ஒத்துப் பார்த்து அனாலயோ பிக்கு 2011-ல் இரண்டு தொகுதி வெளியிட்டிருக்கிறார்.

பிறகு, பொருள்வாரியாகத் தொகுத்த சம்யுத்த நிகாயத்தில், துன்பம் எதைச் சார்ந்து எது தோன்றுகிறது என்று சங்கிலியாகச் சொல்லும் நிதானப் பகுதிக்கு வரும்போது, பக்கத்தில் மணிமேகலையின் 30-ஆம் காதையை விரித்து வையுங்கள். அவிஜ்ஜா அங்கே பேதைமை, சங்காரம் செய்கை, நாமரூபம் அருவுரு, பஸ்ஸம் ஊறு, தண்ஹா வேட்கை. ஆங்கிலத்தில் ஆளுக்கொரு சொல்லாக இழுபடுவதைச் சாத்தனார் எப்போதோ தீர்த்துவைத்துவிட்டார். ஆங்கிலம் வழியாகப் பாலிக்குப் போகும் தமிழர் இதை மறந்துவிடுவதில் எனக்குக் கோபமே உண்டு.

அந்தப் பர்மியப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா அப்படிப் போகவிடாமல் சேர்த்தவைதான் இன்று சென்னையில் நூலகமாக இருக்கின்றன. பாலிக்கென்று தனி எழுத்து கிடையாது. எந்த எழுத்தில் அச்சிட்டாலும் மொழி அதேதான். பர்மிய எழுத்து எனக்குத் தட்டுத்தடுமாறி வரும். முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், பாலி நூல் தொகுதி மூன்றில் எந்தப் பிடகம் என்று பார்த்துச் சொல்கிறேன்.