ஜி76 போட்டும் போரிங் முடிந்து வெளியே வரும்போது கோடு விழுகிறது, ஏன்?

கேட்டவர் யாழ்ப்பாணத்தில் பட்டறை வைத்திருப்பவர். தோட்டத்து நீர்ப்பம்பின் வார்ப்பிரும்பு ஹவுசிங்கில் 6205 பெயாரிங் இருக்கும் ஓட்டை, 52 மில்லிமீற்றர் எச்7 (ஓட்டையின் அளவு எவ்வளவு கூடலாம் என்ற வரம்பு). பிடி40 ரக ஹோல்டர் ஏறும் ஸ்பிண்டில் உள்ள சிஎன்சி மில், போரிங் ஹெட் (ஒற்றை நுனியை டயலால் நகர்த்தி விட்டத்தை வைக்கும் தலை). ஜி76 என்பது வெட்டி முடித்ததும் நுனியைச் சுவரை விட்டு விலக்கி வெளியே எடுக்கும் போரிங் கட்டளை. ஒரு ஹவுசிங் சுத்தமாக வருகிறது, அடுத்ததில் மேலிருந்து கீழ்வரை ஆழமான கோடு.

ஒன்றில் வந்து மற்றதில் வராத பிழை பெரும்பாலும் புரோகிராமில் இருக்காது. ஹோல்டர் திரும்பி ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிடி ஹோல்டரின் கழுத்தில் எதிரெதிராக ஒரே மாதிரி இரண்டு காடிகள். கையால் கழற்றி ஏற்றினால் எந்தப் பக்கமும் உட்காரும், 180 பாகை மாறினாலும் மெசினுக்குத் தெரியாது. ஜி76 அடியில் போய் ஸ்பிண்டிலை எம்19 கோணத்தில் (எப்போதும் ஒரே கோணத்தில் நிறுத்தும் கட்டளை) நிறுத்தி, வெட்டும் நுனி சுவரை விட்டு விலகும் பக்கம் புரோகிராமில் கியூ என்று கொடுத்த அளவு நகர்ந்து, பிறகுதான் மேலே வரும். நுனி மறுபக்கம் பார்த்தால் விலகாது, சுவருக்குள் இறங்கும். அதுதான் உங்கள் கோடு. எம்19 கொடுத்து, நுனி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்து, ஹோல்டரிலும் ஸ்பிண்டில் முகத்திலும் பெயின்ற் புள்ளி வையுங்கள். நகரும் திசை ஃபானக் கொன்ரோலரில் பாராமீற்றரில், ஹாஸ் மெசினில் செற்றிங் 27இல்.

போரிங் ஹெட்டின் பிடி மரை போட்டு ஏறியதா? அப்படியென்றால் ஜி76ஐ நம்ப வேண்டாம். வெட்டு விசையில் மரை இன்னும் கொஞ்சம் இறுகினால் நுனியின் கோணமும் மாறும். எம்4 கொடுத்து எதிர்ப்பக்கம் சுற்றினால் கழன்றே விடும்.

புரோகிராம் இவ்வளவுதான் (மெசினில் ஆங்கில எழுத்தில் அடிப்பீர்கள்):

ஜி90 ஜி54 ஜி0 எக்ஸ்0 வை0
எஸ்600 எம்3
ஜி43 எச்5 இசட்50.
ஜி98 ஜி76 இசட்-17. ஆர்3. கியூ0.3 எஃப்48.
ஜி80

கார்பைட் நுனிக்கு நிமிடத்துக்கு 100 மீற்றர் வேகம் என்று எடுத்தால் 52 விட்டத்துக்கு 600 சுற்றுச் சொச்சம், சுற்றுக்கு 0.08 என்றால் ஃபீட் 48. கியூவை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அதே எழுத்துத்தான் ஜி83இல் (குத்திக் குத்தி ஓட்டை போடும் கட்டளை) ஒரு குத்தின் ஆழம். முன்னால் கியூ5 உள்ள ஜி83 ஓடி, இடையில் அதை ரத்துச் செய்யும் ஜி80 இல்லாமல் ஜி76க்கு வந்தால் அந்த 5 மில்லிமீற்றர் அப்படியே நிற்கும். அடியில் 5 நகர்ந்தால் பாரின் (நுனியைத் தாங்கும் தண்டு) முதுகு சுவரில் இடிக்கலாம்.

புரோகிராமில் 52 என்ற எண்ணே இல்லை, கவனித்தீர்களா? விட்டம் ஹெட்டின் டயலில்தான் இருக்கிறது. ஆகவே டயல் விட்டத்தைக் காட்டுகிறதா ஆரையையா என்பது தெரிந்தே ஆகவேண்டும். நுனியில் டயல் இண்டிகேற்றரை வைத்து, 0.01 கோடு பத்தைத் திருப்புங்கள். 0.05 ஓடினால் விட்டம், 0.10 ஓடினால் ஆரை. எப்போதும் சின்னதிலிருந்து பெரிதாக்கும் பக்கமாகவே திருப்புங்கள். வேண்டியதைத் தாண்டிவிட்டால் ஒரு முழுச்சுற்றாவது பின்னுக்கு எடுத்து மறுபடி வாருங்கள், இல்லாவிட்டால் மரையின் தளர்வு அளவில் ஏறிவிடும். பிறகு பூட்டாணியை இறுக்குங்கள்.

எண்ட்மில்லால் 51.4 வரை எடுத்துவிட்டு, ஹெட்டால் 51.7 வெட்டி அளந்து பாருங்கள். மீதி 0.31ஐ ஒரே தடவையில் எடுக்க வேண்டாம். 51.86, பிறகு 52.01 என்று கிட்டத்தட்டச் சமமான இரண்டு வெட்டுகள். பார் வளைவது வெட்டின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழம் சமமாக இருந்தால் முதல் வெட்டில் காட்டிய பிழையே அடுத்ததிலும் வரும், அதைக் கழித்து டயலை வைக்கலாம். 0.02 மாதிரி மெல்லிய வெட்டுக்கு ஆசைப்படாதீர்கள், நுனி வெட்டாமல் தேய்க்கும். உருக்கு பார் விட்டத்தின் நாலு மடங்குக்கு மேல் வெளியே நீண்டால் அலை அலையாகத் தடம் விழும். அப்போது வேகத்தைக் குறைத்து, 0.2 மூக்கு ஆரையுள்ள இன்சேர்ட் போடுங்கள்.

52 எச்7க்கு இடம் 52.000 முதல் 52.030 வரை. வார்ப்பிரும்பு மைக்ரோமீற்றரை விட 10 பாகை சூடாக இருந்தால் 0.006 பெரிதாகக் காட்டும். அலுமினியமென்றால் 0.012, கிட்டத்தட்டப் பாதி இடம் போய்விட்டது. நம்ம ஊர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அளக்கிறவர்கள் ஹவுசிங்கையும் கேஜையும் ஒரே மேசையில் அரை மணி நேரமாவது விட வேண்டும்.

எம்19 இல்லாத மெசினுக்கு ஜி85தான். போன ஃபீட்டிலேயே திரும்பி வரும்; வரும்போது சற்றே சுரண்டி விட்டம் கொஞ்சம் கூடும், அதைச் சேர்த்தே டயலை வையுங்கள். ஜி86 ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டு வேகமாக இழுப்பதால் மெல்லிய நேர்கோடு ஒன்று நிச்சயம்.

பெயாரிங் நழுவாமல் பிடிக்கும் சேர்க்ளிப் வளையத்தின் காடியும் (52 ஓட்டைக்கு 55 விட்டம், 2.15 அகலம்) இதே ஹெட்டால் வெட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சாதா ஹெட்டால் முடியாது. ஸ்பிண்டில் சுற்றும்போதே நுனியை வெளியே தள்ளும் கொன்ரூரிங் ஹெட் வேண்டும். அதற்கு யூ அச்சென்று கொன்ரோலரில் தனி அச்சும் மோட்டரும் தேவை, அங்கே விட்டம் புரோகிராமிலேயே எழுதப்படும். ஒரு காடிக்காக அந்தச் செலவு வேண்டாம். 2 மில்லிமீற்றர் அகல ரீ-ஸ்லொட் கட்டரை ஜி3இல் வட்டமாகச் சுற்றவிட்டு, இசட்டை 0.15 மாற்றி இன்னொரு சுற்று விட்டால் போதும். பெயாரிங் இருக்கையை மட்டும் அப்படிச் சுற்றி முடிக்காதீர்கள், எக்ஸ் வை திசை மாறும் நாலு இடத்திலும் தளர்வின் தடம் நிற்கும்.