வீட்டு வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டியை எப்போது, எப்படிச் சொல்வது?

கேள்வி: கோவையில் பத்து வருடமாக ஏசி சர்வீஸ் செய்கிறேன். வேலைக்கு இரண்டு பையன்கள். வாடிக்கையாளர்கள் அநேகமாக எல்லாமே வீடுகள்தான். ஒரு ஏசிக்கு 600 ரூபாய் வாங்குகிறேன். இந்த நிதியாண்டில் வரவு 18 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 20 லட்சம் ஆனால் ஜிஎஸ்டி எடுத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். 600 கொடுத்துப் பழகியவர்களிடம் 18 சதவீத வரியும் சேர்த்து 708 என்று எப்படிச் சொல்வது? பாதிப் பேர் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. நீங்கள் ஒரு கம்பெனிக்கு பில் போட்டால், அந்த 108 ரூபாயை அவர்கள் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் பெரும்பாலும் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வார்கள். வீட்டுக்காரருக்கு அந்த வழி கிடையாது, முழுப் பணமும் அவர் பர்ஸிலிருந்துதான் போகிறது. ஆனால் அவரிடம் பேசுவதற்கு முன்னால், எந்தத் தேதியிலிருந்து, எந்த முறையில் வரி கட்டப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்.

முதலில் தேதி. சேவை செய்பவருக்குத் தமிழ்நாட்டில் வரம்பு 20 லட்சம். (கடைக்காரர்கள் சொல்லும் 40 லட்சம் பொருள் மட்டும் விற்பவர்களுக்கு.) சர்வீஸ் கூலி மட்டுமல்ல, நீங்கள் மாற்றிக் கொடுக்கும் கெபாசிட்டர், நிரப்பும் கேஸ் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். வரம்பைத் தாண்டிய 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அப்படி விண்ணப்பித்தால், பதிவு எண் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, வரம்பைத் தாண்டிய நாளிலிருந்தே அமலாகும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். எண் வரும்வரை பில்லில் வரி போட்டு வசூலிக்கக் கூடாது, ஆனால் அந்த இடைப்பட்ட நாட்களில் செய்த வேலைக்கும் வரி உண்டு. எண் வந்தபின் ஒரு மாதத்துக்குள் திருத்திய பில் கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. போன வாரம் 600 கொடுத்துக் கணக்கு முடித்த வீட்டில் மறுபடி கதவைத் தட்டி 108 கேட்க முடியுமா? கைக்காசுதான் போகும்.

அதனால் 18 லட்சத்தில் இருக்கும்போதே நீங்களாக முன்வந்து பதிவு செய்யுங்கள். அப்போது பதிவு வழங்கப்பட்ட நாள்தான் தொடக்க நாள். இடைவெளிப் பிரச்சினையே வராது.

அடுத்தது முறை. இதை யோசிக்காமலே 18 சதவீதத்துக்குப் போய்விடுகிறவர்கள் அதிகம். முந்தைய ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருக்கும் சேவையாளர்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஒரு காம்போசிஷன் திட்டம் இருக்கிறது. வரவில் 6 சதவீதம் கட்டினால் போதும். ஆனால் அதை வாடிக்கையாளரிடம் வரி என்று வசூலிக்கக் கூடாது. நீங்கள் வாங்கும் சாமானுக்குக் கட்டிய வரியையும் கழித்துக்கொள்ள முடியாது. வெளிமாநில வேலையோ, ஆப் வழியாக வரும் வேலையோ இருந்தால் இந்தத் திட்டம் ஒத்துவராது.

கணக்கைப் பாருங்கள். 640 என்று விலை வைத்தால் 6 சதவீதம் 38 ரூபாய் 40 காசு. கையில் 601 ரூபாய் 60 காசு நிற்கும், இன்று நிற்கிற அதே 600. வாடிக்கையாளருக்கு உயர்வு 108 ரூபாய் அல்ல, 40 ரூபாய். வீடுகளை நம்பியே தொழில் செய்கிற உங்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். கம்பெனி வேலைகள் சேரத் தொடங்கினாலோ, சாமான் செலவு பெரிதாக இருந்தாலோ வழக்கமான 18 சதவீதமே லாபமாகலாம். போன வருடக் கொள்முதல் பில்களை ஆடிட்டரிடம் கொடுத்து இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

“பழைய 600-லேயே வரியையும் அடக்கிவிடுகிறேன்” என்று நினைத்தால், 600-க்கு 18 சதவீதம் 108 என்று கழிக்காதீர்கள். வரி உள்ளடங்கிய தொகையை 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்க வேண்டும். 91 ரூபாய் 53 காசு வரி, மீதி 508 ரூபாய் 47 காசு உங்களுக்கு.

இனி சொல்லும் விதம். வேலை முடிந்து பையன் கையைத் துடைத்துக்கொண்டு பில்லை நீட்டுகிறான். அந்த அம்மா எண்ணி வைத்திருப்பது ஆறு நூறு ரூபாய்த் தாள்கள். பில்லில் 708. அந்த நிமிடம் அவருக்கு வருவது வரியின் மேல் கோபமல்ல, “முன்னாடியே சொல்லலையே” என்கிற வருத்தம். ஆளை இழப்பது 108 ரூபாயால் அல்ல, இப்படி வாசலில் வைத்துச் சொல்வதால்தான். ஒரு மாதம் முன்னதாகவே எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். புக்கிங்குக்குப் போன் வரும்போது மறுபடி மொத்தத் தொகையைச் சொல்லுங்கள். சதவீதத்தைச் சொன்னால் அவர் மனக்கணக்குப் போட வேண்டியிருக்கும்.

“வணக்கம் அம்மா. வரும் ஏப்ரல் 1 முதல் நாங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்ற நிறுவனமாகச் செயல்படுகிறோம். சர்வீஸ் கட்டணம் அதே 600 தான். வரி 108 சேர்த்து மொத்தம் 708 ரூபாய். மார்ச் 31-க்குள் சர்வீஸ் செய்துகொண்டால் பழைய தொகையே. சந்தேகம் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்.”

காம்போசிஷன் என்றால் செய்தியில் வரிப் பேச்சே வரக் கூடாது. “ஏப்ரல் 1 முதல் கட்டணம் 640” என்று மட்டும் எழுதுங்கள். வரி வசூலிக்கத் தகுதியில்லாத காம்போசிஷன் வரி செலுத்துபவர் என்று பில்லின் மேலே போடுவது கட்டாயம்.

“கவர்மென்ட் உங்ககிட்ட வாங்கச் சொல்லிட்டாங்க” என்று பையன்கள் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது உண்மையும் அல்ல. வரி கட்டும் பொறுப்பு உங்களுடையது, அதை விலையில் சேர்க்கிறீர்கள், அவ்வளவுதான். கூலியையும் உயர்த்த எண்ணம் இருந்தால் அதே நாளில் செய்யாதீர்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் வரி பெயரைச் சொல்லி ஏற்றிவிட்டார் என்ற பேச்சு வரும்.

“பில் வேணாம், 600 வாங்கிக்கோங்க தம்பி” என்று பழகியவர்கள் கேட்பார்கள். பில் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வரி உண்டு என்பதைப் பணிவாகச் சொல்லிவிடுங்கள். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்த வீட்டுக்கும் தெரிந்துவிடும்.

ஏஎம்சிக்கு (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) முழுப் பணமும் முன்பே கொடுத்த வீடுகள் இருக்குமே, அவர்களிடம் நடுவில் எதுவும் கேட்க வேண்டாம். அந்த ஒப்பந்தம் முடியும்வரை பழைய தொகையிலேயே செய்துகொடுங்கள். புதுப்பிக்கும்போது புதிய மொத்தத் தொகையைச் சொல்லலாம். தவணையில் கட்டுபவர்கள் இருந்தால், பதிவுக்குப் பிறகு வரும் தவணைகளுக்கு என்ன செய்வது என்பதை ஆடிட்டரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொண்டு, அடுத்த தவணைக்கு முன்பே அவர்களைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.