கிளாஸ்கோவின் ஃப்ரான்ஸ் ஃபெர்டினான்ட் இசைக்குழு இரண்டே ஆண்டுகளில் எப்படி மேலே வந்தது? அந்தப் பாணியை எங்கள் குழு வாசித்தால் ஏன் எடுபடுவதில்லை?

குழு தொடங்கியது 2002இல். பிரிட்டனில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தரப்படும் மெர்க்குரி விருது வாங்கியது 2004 செப்டம்பரில். கணக்குக்கு இரண்டு ஆண்டுகள்தான். ஆனால் பாடகர் அலெக்ஸ் கப்ரானோஸுக்கு அப்போதே வயது 32. அதற்கு முன் பல ஆண்டுகள் கிளாஸ்கோவின் சின்னச் சின்னக் குழுக்களில் வாசித்தவர்; தர்ட்டீன்த் நோட் என்ற சிறு அரங்கில் மற்றவர்களுக்கு மேடை ஏற்பாடு செய்து கொடுத்தவர். எந்தப் பாட்டுக்குக் கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், எதற்கு ஆடும் என்பது அங்கே கண்ணெதிரே தெரிந்துவிடும்.

பெண்கள் ஆடக்கூடிய இசை வேண்டும் என்பதை இவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். அவர்களுடைய வளர்ச்சிக்கு என் கணக்கில் முதல் காரணம் இந்த முடிவுதான். அன்றைய கிளாஸ்கோ கிட்டார் இசையில் மோக்வாய் போன்ற குழுக்களின் நீண்ட, காதைப் பிளக்கும் ஒலிக்குத்தான் பெரும் மரியாதை. இவர்கள் அதை விட்டுவிட்டு, 1980 வாக்கில் அதே நகரத்து போஸ்ட்கார்ட் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ஆரஞ்சு ஜூஸ் போன்றவர்களின் மெல்லிய, துள்ளும் கிட்டாரைக் கையில் எடுத்தார்கள்.

பேஸ் (தாழ்ந்த சுருதி கிட்டார்) வாசித்த பாப் ஹார்டி கிளாஸ்கோ கலைப் பள்ளியில் ஓவியம் படித்தவர். அதற்கு முன் பேஸைத் தொட்டதே இல்லை. பெல் அண்ட் செபாஸ்டியன் குழுவின் மிக் குக், உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு கப்ரானோஸுக்கு ஒரு பேஸ் கிட்டாரைக் கொடுத்தார். அதுதான் ஹார்டியின் கைக்குப் போனது. அதனால் பேஸ் வரிகள் எளிமையாக, தாளத்தை விட்டு நகராமல் இருக்கின்றன. நிக் மெக்கார்த்தி டிரம்ஸிலும் பால் தாம்சன் கிட்டாரிலும் தொடங்கி, பிறகு இடம் மாற்றிக்கொண்டார்கள். அந்த மாற்றம் நடந்திராவிட்டால் இந்த ஒலியே கிடைத்திருக்காது.

அடுத்தது இடம். கைவிடப்பட்ட ஒரு பழைய கிடங்கைப் பிடித்து ஷாட்டோ என்று பெயர் வைத்து, அங்கேயே ஒத்திகை பார்த்தார்கள், கலைப் பள்ளி நண்பர்களை அழைத்து விருந்தும் நடத்தினார்கள். போலீஸ் வந்து கலைத்ததும் பழைய நீதிமன்றமும் சிறையும் இருந்த ஒரு கட்டடத்துக்கு மாறினார்கள். வாய்ப்புக்காக அரங்குகளின் வாசலில் நிற்க வேண்டிய நிலையே வரவில்லை. 2003இல் டொமினோ என்ற சுயேச்சை நிறுவனத்தோடு ஒப்பந்தம். ஸ்வீடனின் மால்மோவில் டோரே யோஹான்சனிடம் ஒலிப்பதிவு. முதல் சிங்கிள் பிரிட்டிஷ் பட்டியலில் 44ஆம் இடம். 2004 ஜனவரியில் வந்த ‘டேக் மீ அவுட்’ 3ஆம் இடம். அடுத்த மாதம் வந்த முதல் ஆல்பத்துக்கும் அதே 3.

இனி உங்கள் குழுவின் சிக்கல். பெரும்பாலும் கிட்டாரில் டிஸ்டார்ஷன், அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு, கூடிப்போவதுதான் காரணம். இந்தத் தாளத்தில் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) நான்கு அடியிலும் விழும், ஸ்நேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறு டிரம்) 2, 4இல்; ஹை-ஹேட் (ஜோடித் தட்டு) இரண்டு அடிகளுக்கு நடுவில் திறந்து மூடும். ஆட வைப்பது அந்த நடு இடைவெளிதான். இரைச்சலான கிட்டார் அதை நிரப்பிவிட்டால் கால் நகராது. அந்தக் கரகரப்பைக் கூட்டும் கெயினைப் பாதியாகக் குறையுங்கள். இடக்கை விரல்களைத் தந்தியிலிருந்து எடுக்காமல், அழுத்தத்தை மட்டும் தளர்த்தி ஒலியை வெட்டுங்கள். இரண்டு கிட்டாரும் ஒரே கார்டை ஒரே உயரத்தில் அடிக்கக் கூடாது; ஒருவர் தாழ்ந்த சுருதியில் இருந்தால் மற்றவர் உயர் சுருதி தரும் மூன்று மெல்லிய தந்திகளில் இருக்கட்டும்.

‘டேக் மீ அவுட்’ வாசிப்பதாக இருந்தால் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அந்தப் பாட்டில் சில பகுதிகள் வேகமாகவும் சில மெதுவாகவும் நன்றாக இருந்தன, மாற்றி மாற்றி வைத்தால் ஒட்டவில்லை. அதனால் வேகமானதை எல்லாம் முன்னால் கொண்டுபோய், நடுவில் வேகத்தை இறக்கிவிட்டார்கள். நிமிடத்துக்கு 140 அடியைத் தாண்டி ஓடும் பாட்டு சில வரிகளுக்குள் 105க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இதை முதலிலிருந்து பழகாதீர்கள். இறங்க வேண்டிய 105ஐ மெட்ரோனோம் வைத்து நாலைந்து நாள் உடம்பில் ஏற்றுங்கள். வேகப் பகுதியைத் தனியாகப் பழகி, கடைசியில் இரண்டையும் இணையுங்கள். இறக்குவது டிரம்மர் மட்டுமே. மற்றவர்கள் எண்ணாமல் அவர் கையைப் பார்க்க வேண்டும். ஆளாளுக்கு மெதுவாக்கினால் பேஸும் கிட்டாரும் பிரிந்துவிடும். மேடைப் பரபரப்பில் 115இலேயே நின்றுவிடுவது இன்னொரு தவறு. பாட்டின் கனம் போய்விடும். இறங்கும் வரிகளிலேயே டிரம்மர் அடுத்து வரும் ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை) மனசுக்குள் பாடிக்கொண்டு வந்தால் சரியான வேகத்தில் இறங்குவார்.