பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: பழைய பேஸ்பால் கார்டும் சல்லிசு விலையும் (கேள்வி பதில்)

ஓஹையோவுக்கு வந்து 22 வருடம் ஆகிறது. மகன் சின்ன வயதில் பேஸ்பால் ஆடப் போனபோது, மைதானத்து ஓரத்தில் சும்மா உட்கார முடியாமல் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. அவன் ஆட்டத்தை விட்டுவிட்டான், நான் கார்டை விடவில்லை. பழைய பேஸ்பால் கார்டு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று நண்பர்கள் வட்டத்தில் சொல்லி வைத்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: அடிமாட்டு விலைக்குப் புதையல் மாட்டுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டல்லாஸ் நண்பர்: அண்ணா, எனக்கு பேஸ்பாலே அரைகுறையாகத்தான் புரியும். ஒரு அட்டைத் துண்டுக்கு ஏன் கோடிக்கணக்கில் கொடுக்கிறார்கள்?

ஆரம்பத்தில் இந்த அட்டைகளை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை தம்பி. சிகரெட் பாக்கெட்டுக்குள் இலவசமாக வந்தன. பாக்கெட் நசுங்காமல் இருக்க ஒரு அட்டை, அதில் ஒரு ஆட்டக்காரர் படம், பின்னால் சிகரெட் விளம்பரம். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட தொகுதியை இன்று டி206 என்கிறோம். அதில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் கார்டு மட்டும் சீக்கிரமே நிறுத்தப்பட்டது. புகையிலையோடு தன் படம் போவதை அவர் விரும்பவில்லை என்பார்கள் சிலர், காசு தரவில்லை என்று கோபம் என்பார்கள் வேறு சிலர். எதுவானாலும், இன்று உலகத்தில் இருப்பது சுமார் 60 பிரதிகள்தான். 2022-இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குப் போனது.

பிற்பாடு சிகரெட் போய் பபுள்கம் வந்தது. 1952-இல் டாப்ஸ் கம்பெனி 407 கார்டுகள் கொண்ட பெரிய தொகுதி போட்டது. அதன் கடைசிப் பகுதி கடைக்கு வந்தபோது பேஸ்பால் பருவம் முடியும் நேரம், பையன்கள் அமெரிக்கக் கால்பந்துக்கு மாறிவிட்டார்கள். விற்காத பெட்டிகள் வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்தன. இலவசமாகக் கொடுத்தால்கூட வாங்க ஆள் இல்லாமல், 1960-இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸில் வேலை செய்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். அந்தப் பகுதியின் முதல் கார்டு, எண் 311, மிக்கி மேன்டில் என்ற நட்சத்திர ஆட்டக்காரர். 2022 ஆகஸ்டில் அதில் ஒரு பிரதி ஒரு கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இத்தனைக்கும் அது அவருடைய முதல் கார்டுகூட இல்லை. முதல் கார்டு போமன் என்ற வேறொரு கம்பெனியின் 1951 தொகுதியில் இருக்கிறது.

நியூ ஜெர்சி நண்பர்: பரணில் கிடைத்தது, பேப்பர் பையில் கிடைத்தது என்றெல்லாம் செய்தி வருகிறதே, நிஜமா? விளம்பரத்துக்காகக் கட்டி விடுகிறார்களா?

பல நிஜம். எங்கள் ஓஹையோவிலேயே, டிஃபையன்ஸ் என்ற ஊரில், 2012-இல் நடந்தது. பாட்டனார் காலத்து வீட்டைக் காலி செய்கிறார்கள். பரணில் ஒரு பொம்மை வீடு, அதன் அடியில் கரி படிந்த ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே ஏறத்தாழ 700 கார்டுகள், கட்டுக் கட்டாகச் சணல் கயிற்றால் கட்டியபடி. 1910 வாக்கில் மிட்டாயோடு வந்தவை, இ98 என்று பெயர். நூறு வருடமாக விரல் படாததால் மூலைகள் கத்தி மாதிரி இருந்தன. சிறந்த 37 கார்டுகளை மட்டும் அந்த ஆகஸ்டில் பால்டிமோரில் ஏலம் விட்டார்கள். 5 லட்சம் டாலரைத் தாண்டியது. எனக்கு அதைவிட ஆச்சரியம், சொத்துக்கு உரிய இருபது பேரும் சண்டை போடாமல் பங்கு பிரித்துக்கொண்டதுதான். நம் பங்காளிகளை நினைத்துப் பாருங்கள்.

2016-இல் இன்னொன்று. தெற்கு மாநிலம் ஒன்றில் கொள்ளுத்தாத்தா வீட்டைக் கழித்துக் கட்டும்போது தரையில் ஒரு கிழிந்த பேப்பர் பை. குப்பை என்று தூக்கிப் போடப் போனார்கள். உள்ளே டை காப் என்ற பழைய நட்சத்திர ஆட்டக்காரர் படம் போட்ட ஏழு கார்டுகள், பின்பக்கத்தில் அவர் பெயரிலேயே வந்த 'டை காப்' புகையிலை விளம்பரம். அந்த மாதிரிப் பின்பக்கம் கொண்டவை அதற்கு முன்பு சுமார் 15 மட்டுமே தெரிந்திருந்தன. மதிப்பு பத்து லட்சம் டாலருக்கு மேல் என்றார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த இரண்டிலும் யாரும் எதையும் வாங்கவில்லை. தூக்கிப் போடாமல் விட்டார்கள், அவ்வளவுதான். நீங்களும் நானும் 22 வருடத்துக்கு முன் சூட்கேஸோடு வந்தவர்கள், நம் பரணில் பிரஷர் குக்கர் டப்பாதான் இருக்கும். நமக்கு வாய்ப்பு வேறு இடத்தில்.

அதே நண்பர்: அந்த வேறு இடம் எது என்று சொல்லிவிடுங்கள்!

விற்பவர் பார்க்காத பக்கம்.

என் கதையைச் சொல்கிறேன். பென்சில்வேனியா எல்லையோரம் ஒரு தேவாலய வளாகத்தில் பழைய சாமான் சந்தை. ஒரு மேஜையில் கண்ணாடி உறை போட்ட நாலைந்து கார்டுகள், மேலே 'மறுபதிப்பு, 4 டாலர்' என்று சீட்டு. ஒன்றின் முகப்பில் பெரிய பெயர் இல்லாத ஒரு ஆட்டக்காரர். நான்கு மூலையும் பணியாரம் மாதிரி உருண்டிருந்தன. எடுத்துத் திருப்பினேன். நான் பார்த்த டி206 மறுபதிப்புகளில் பின்னால் பெரும்பாலும் பீட்மான்ட் அல்லது ஸ்வீட் கேப்போரல் விளம்பரம்தான் இருக்கும். இதில் டால்ஸ்டாய் என்ற வேறு சிகரெட். மறுபதிப்பு அடிக்கிறவன் ஏன் யாருக்கும் தெரியாத ஆட்டக்காரரை எடுத்து, டால்ஸ்டாய் பின்பக்கத்தோடு அடிக்கப் போகிறான்? 4 டாலரை நீட்டினேன், கை லேசாக நடுங்கியது. அசல்தான். விலை ஒன்றும் வானத்தைத் தொடவில்லை, இருநூறு டாலருக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை.

டி206-இன் சூட்சுமமே இதுதான். ஒரே ஆட்டக்காரர், ஒரே படம், ஆனால் பின்னால் இருக்கும் விளம்பரம் மாறலாம், தொகுதி முழுக்க 16 விதமான புகையிலைப் பெயர்கள் உண்டு. பீட்மான்ட், ஸ்வீட் கேப்போரல் மலை மாதிரிக் கிடைக்கும். டிரம், உசிட், லெனாக்ஸ், பிராட் லீஃப் என்று இருந்தால் விலை பல மடங்கு. முகத்தை மட்டும் பார்த்து விலை போடுகிற கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாத்தா வீட்டுச் சாமானை விற்கிறவர்கள் கேட்கவே வேண்டாம்.

டாப்ஸ் கார்டிலும் இப்படிச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. 1969 தொகுதியில் சில கார்டுகளில் மஞ்சளாக இருக்க வேண்டிய எழுத்து வெள்ளையாக அச்சாகியிருக்கும். மேன்டில் கார்டிலும் உண்டு. மேன்டிலை எல்லாரும் பார்ப்பார்கள், நமக்கு விடமாட்டார்கள். பெயர் தெரியாத ஆட்டக்காரரின் வெள்ளை எழுத்துக் கார்டு ஒரு டாலர் பெட்டியில் கிடப்பதை நானே மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

சியாட்டில் சகோதரி: வார இறுதியில் சந்தை சந்தையாக அலைய நேரமில்லை. ஈபேயில் கிடைக்குமா?

கிடைக்கும்மா, பொறுமை இருந்தால். எழுத்துப் பிழையோடு தேடுங்கள். 'டாப்ஸ்' என்பதில் ஒரு எழுத்தை விட்டவர்கள், 'கிளெமென்டே' என்ற ஆட்டக்காரர் பெயரைக் குதறியவர்கள் நிறைய. சரியாகத் தேடுகிறவர் கண்ணில் அவை படாது. அப்புறம் 'பழைய கார்டுகள், மொத்தம் 60' என்று மங்கலான ஒரே படத்தோடு வருகிற கூட்டு விற்பனை. படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு விளிம்பாகப் பாருங்கள். ஒரு கார்டின் கால்வாசிதான் தெரியும். அந்தக் கால்வாசியை வைத்தே எந்த வருடம், யார் என்று சொல்லப் பழகினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

தலைகீழாக நடந்த கதை ஒன்றும் சொல்கிறேன். கலிஃபோர்னியா ஃப்ரெஸ்னோவில் பழைய சாமான் வியாபாரம் செய்யும் 72 வயது அம்மா ஒருவர், 1869-ஆம் வருடத்து சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணியின் கார்டை 10 டாலர் ஆரம்ப விலை போட்டு ஈபேயில் வைத்தார். சட்டென்று விசாரிப்புகள் குவிந்தன. ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டு எடுத்துவிட்டார். 2009-இல் அது 75 ஆயிரம் டாலருக்குப் போனது. ஆகவே ஆர்வத்தில் விற்பவரிடம் ஆறு கேள்வி கேட்காதீர்கள். கேள்வியே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆஸ்டின் நண்பர்: 40 டாலருக்கு 1952 மேன்டில் வாங்கினேன். எல்லாரும் சிரிக்கிறார்கள். போலியா சார்?

ஸ்கேல் எடுங்கள். அசல் 1952 டாப்ஸ் 2⅝ அங்குல அகலம், 3¾ அங்குல உயரம். உங்களுடையது 2½-க்கு 3½ என்றால் பெரும்பாலும் 1983-இல் டாப்ஸே வெளியிட்ட மறுபதிப்பாக இருக்கும். போலி இல்லை, ஆனால் அசலும் இல்லை. அளவு சரியாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள், அந்த அளவிலும் அடித்து விற்கிறார்கள். வருத்தப்படாதீர்கள், நானும் முதல் வருடத்திலேயே கௌடி கம்பெனி 1933-இல் போட்ட பேப் ரூத் கார்டு ஒன்றை 'அசல்' என்று நம்பி வாங்கினவன்தான். இன்றும் மேஜையில் வைத்திருக்கிறேன், காபி டம்ளருக்கு அடியில்.

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டி206 அசலில் பெயர் எழுத்தும் கறுப்புக் கோடும் கெட்டியான மையில் இருக்கும். அசலைப் படம் பிடித்து அச்சடித்ததில் எழுத்தே புள்ளி புள்ளியாகத் தெரியும். புற ஊதா விளக்கும் உதவும். 1940-களின் கடைசிக்குப் பிறகு காகிதத்தில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்க்க ஆரம்பித்தார்கள், அது இந்த விளக்கில் நீலமாகப் பளபளக்கும். 1910 கார்டு பளபளத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பளபளக்கவில்லை என்பதால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிளீவ்லேண்ட் சகோதரி: ஒரு வயதான பாட்டி ஆயிரம் டாலர் கார்டை 5 டாலருக்கு விற்கிறார். வாங்கிக்கொண்டு வருவது சரியா?

இந்தக் கேள்விதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. 1990-இல் இலினாய் மாநிலத்தில் ஒரு கடை. நோலன் ரயன் என்ற பிரபல பந்துவீச்சாளரின் முதல் கார்டு, 1968-இல் வந்தது, விலை 1200 டாலர். தற்காலிக ஊழியர் அதை 12 டாலர் என்று படித்துவிட்டார். 12 வயதுப் பையன் 12 டாலர் கொடுத்து வாங்கிப் போனான். கடைக்காரர் வழக்குப் போட்டார், நாடே வேடிக்கை பார்த்தது. கடைசியில் கார்டை ஏலம் விட்டுப் பணத்தைத் தர்மத்துக்குக் கொடுப்பது என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டன.

என் வழக்கம் இது. விற்கிறவர் வியாபாரி என்றால் அவர் வைத்த விலை அவர் பொறுப்பு, வாயை மூடிக்கொண்டு வாங்குவேன். கணவர் போய்ச் சேர்ந்து, வீட்டைக் காலி செய்கிற அம்மாவாக இருந்தால் சொல்லிவிடுவேன். ஒருமுறை சொன்னேன். அவர் விற்கவே இல்லை, உள்ளே எடுத்துப் போய்விட்டார். ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸ் கிடைத்தது. முட்டாள்தனம் என்று என் நண்பர்கள் இன்னும் சொல்கிறார்கள். 4 டாலர் டால்ஸ்டாயை விற்றவர் வியாபாரியா என்று கேட்காதீர்கள், சீட்டெல்லாம் எழுதி வைத்திருந்தார், வியாபாரிதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

சிகாகோ நண்பர்: பிரிக்காத 1988, 1989 பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கிப் போடலாமா?

வேண்டாம். எல்லாரும் சேர்த்து வைத்தார்கள், கம்பெனிகள் கணக்கில்லாமல் அடித்துத் தள்ளின. அதே காலத்தில் ஒரு விதிவிலக்கு, 1990 டாப்ஸில் ஃப்ராங்க் தாமஸ் என்ற ஆட்டக்காரரின் பெயர் விழாமல் அச்சான கார்டு. அதற்காகப் பெட்டி பெட்டியாகப் பிரிப்பது லாட்டரி.

அட்லாண்டா நண்பர்: அதிர்ஷ்டமெல்லாம் சரி அண்ணா. 50 டாலரில் உருப்படியாக ஏதாவது வாங்க வேண்டுமென்றால்?

அடிபட்ட கார்டு வாங்குங்கள். பின்னால் பசை ஒட்டிக் கிழிந்தது, பேனாவால் எழுதியது, நடுவில் மடிந்தது. முகப்பு பார்க்க நன்றாக இருந்து பின்னால் மட்டும் அடி என்றால் விலை பாதாளத்துக்குப் போய்விடும். திருப்பிப் பார் என்று இவ்வளவு நேரம் சொன்னவன், இப்போது திருப்பாதே என்கிறேன். ராபின் ராபர்ட்ஸ், ரிச்சி ஆஷ்பர்ன், பாப் லெமன் எல்லாம் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றவர்கள். அவர்களுடைய 1950-களின் கார்டுகள், மேன்டில் பக்கத்தில் வைத்தால் கொசுறு விலை. நூறு வருடம் பழையது வேண்டுமென்றால், மழுங்கின மூலையோடு ஒரு சாதாரண டி206-கூட இந்தப் பணத்துக்குள் பார்க்கலாம்.

அதே நண்பர்: அதை பிஎஸ்ஏ, எஸ்ஜிசி மாதிரி கார்டைச் சோதித்துத் தரம் போடும் கம்பெனிகளுக்கு அனுப்பித் தரச் சான்று வாங்க வேண்டுமா?

50 டாலர் கார்டுக்கு வேண்டாம். கட்டணமும் தபாலும் கார்டு விலையை விழுங்கிவிடும்.

நியூ ஜெர்சி நண்பர், மறுபடியும்: விட்டுவிட்டு வருந்தியது உண்டா?

உண்டு. கொலம்பஸ் பக்கம் ஒரு கராஜ் விற்பனை, காலை ஏழரை மணி. ஷூ பெட்டி நிறைய 1954, 1955 டாப்ஸ், 80 டாலர் சொன்னார். 60-க்குக் கேட்டேன், மறுத்தார். ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் இறங்குவார் என்று கணக்குப் போட்டு, எதிரில் இருந்த கடைக்குப் போனேன். 1954-இல் ஹாங்க் ஆரனின் முதல் கார்டு, 1955-இல் கிளெமென்டே, கோஃபாக்ஸ் இருவரின் முதல் கார்டும் உண்டு, மூவருமே பெரிய நட்சத்திரங்கள். திரும்பி வந்தபோது மேஜையில் ஒரு டோஸ்டர்தான் இருந்தது. பெட்டிக்குள் அந்த மூன்றில் ஏதாவது இருந்ததா என்று நான் பார்க்கவே இல்லை. பார்க்காததும் நல்லதுதான்.

டோஸ்டரை 3 டாலருக்கு வாங்கி வந்தேன். இன்னும் வேலை செய்கிறது.