பென்சிலுக்கு முன்னால்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

பி.ஏ. முடித்துவிட்டு எங்கள் ஊர் நர்சரி பள்ளியில் நான்கு ஆண்டுகளாக எல்.கே.ஜி. மிஸ்ஸாக இருக்கிறேன். ‘எத்தனை நாளைக்கு இந்த ஆயா வேலை’ என்று வீட்டில் கேட்கிறார்கள். சென்ற மாதம் வேறொரு பள்ளியின் நேர்காணலில், அடுத்த ஐந்து ஆண்டுகளில் என் இலக்கு என்ன என்று கேட்டபோது வாயடைத்துப் போனேன். பி.எட். படிக்கலாமா? மாண்டிசோரி டிப்ளமா நல்லதா? கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு ப்ளே ஸ்கூல் தொடங்கிவிடலாமா? வேலையில் நான் குறை வைத்ததில்லை. என் வகுப்பில் 28 பிள்ளைகள். ஆகஸ்ட்டுக்குள் அத்தனை பேரும் நாலுகோடு நோட்டில் எழுதிவிடுவார்கள். பெற்றோர் எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். என்னை நிறுத்தியது கடைசியில் நீங்கள் பெருமையாகச் சொன்ன அந்த ஆகஸ்ட் கணக்கு. பள்ளி திறந்ததிலிருந்து அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் மற்றதை முடித்துவிடுகிறேன்.

ஆயா வேலை என்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுப்பதும் பாடம்தான். அதை ஆயாம்மா செய்தாலும் பாடம்தான்.

பி.எட். பெரிய வகுப்புகளுக்கானது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் பணிக்கே அது தகுதியாகாது என்று 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மழலையரோடுதான் இருக்கப்போகிறீர்கள் என்றால், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் உள்ள இரண்டாண்டு முன்பள்ளிக் கல்வி டிப்ளமாவைத் தேடுங்கள். மாண்டிசோரி என்று பலகையில் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். சேருமுன் இரண்டு விஷயம் கேளுங்கள். பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் எத்தனை நாள் பயிற்சி? கற்பிக்காமல் உட்கார்ந்து கவனிக்க மட்டும் எத்தனை மணி நேரம்? இரண்டாவதற்குப் பதில் வராவிட்டால் பணத்தைக் கட்டாதீர்கள்.

ப்ளே ஸ்கூல் விஷயம் எளிது. 2013இன் தேசிய மழலையர் கல்விக் கொள்கை மூன்று முதல் ஆறு வயதுவரை 20 பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்கிறது, மூன்றுக்குக் கீழே 10 பிள்ளைக்கு ஒருவர். அந்தக் கணக்கில் சம்பளமும் வாடகையும் போட்டுப் பாருங்கள். வருகிற கட்டணத்தை உங்கள் ஊர் தாங்காது என்றால் கடன் வாங்காதீர்கள்.

இப்போது அந்த 28 பேர். எல்.கே.ஜி.யில் சேரும்போது பிள்ளைக்கு மூன்றரை வயது இருக்கும். சிலருக்கு அதுகூட நிரம்பியிருக்காது. எல்லோரும் எழுதுகிறார்கள் என்கிறீர்கள். எப்படிப் பிடித்து எழுதுகிறார்கள்? அதைப் பற்றி ஒரு சொல் இல்லையே அம்மா! நான்கு ஆண்டு அந்த வகுப்பில் நின்றவர் முதலில் சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.

நாளைக்கு நோட்டை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் சுற்றிக்கொண்டிருக்கும். ஆள்காட்டி விரலின் நுனிக் கணு உள்வாங்கி, நகம் வெளுத்திருக்கும். தோள் காதுவரை ஏறியிருக்கும். விரல் அசையாது, முழுக்கையும் அசையும். மற்றக் கை நோட்டைப் பிடிக்காமல் மடியில் கிடக்கும். தாளின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்து புடைத்திருக்கும். விரலில் வலு வராத பிள்ளை இறுக்கிப் பிடித்து ஈடுகட்டுகிறது. அந்தப் பிடி பழகிவிட்டால் இரண்டாம் வகுப்பில் மாற்றுவது பெரும்பாடு. பக்கம் பக்கமாக எழுத வேண்டிய வயதில் கை வலிக்கிறது என்று அழும், சோம்பேறி என்று பெயர் வாங்கும். அந்தப் பெயரைச் சூட்டும் ஆசிரியருக்கு அது எல்.கே.ஜி.யில் தொடங்கியது என்று தெரியாது.

எலும்பே முழுதாக வராத கையை எழுதவைக்காதீர்கள் என்று மணிக்கட்டு எக்ஸ்ரே படம் ஒன்று வாட்ஸாப்பில் சுற்றுகிறது. எட்டு எலும்புகளில் இரண்டு மூன்றுதான் அந்த வயதில் படத்தில் தெரியும் என்பது உண்மை, மற்றவை இன்னும் குருத்தெலும்பு. ஆனால் பெற்றோரிடம் அதை வைத்து வாதாடாதீர்கள். அதே கையால்தான் பிள்ளை கத்தரிக்கோலும் பிடிக்கிறது. தோள் அசையாமல் நிற்க, விரல் மட்டும் தனியாக அசைகிற கட்டுப்பாடு இன்னும் வரவில்லை. தடை அங்கே இருக்கிறது.

கோடு வருவதற்கும் ஒரு வரிசை உண்டு. பார்த்து வட்டம் போடுவது மூன்று வயதை ஒட்டி வரும். கூட்டல் குறி நான்கை ஒட்டி, சதுரம் அதற்குச் சற்றுப் பின்னால், முக்கோணம் ஐந்தை ஒட்டி. சாய்கோடு தாமதமாகத்தான் பிடிபடும். கூட்டல் குறி போட வராத பிள்ளையிடம் ‘அ’ எழுதச் சொல்கிறோம். சுழித்து, வளைந்து, திரும்பி, குறுக்கே வந்து, பிறகு கீழிறங்கும் எழுத்து அது. சொல்வதற்கு அகரமே முதலாக இருக்கட்டும். எழுதுவதற்கு ட, ப என்று தொடங்கி ம, ய என்று போங்கள். புள்ளி வைத்த எழுத்தின் மேல் எழுதவைக்காதீர்கள். பிள்ளை ஒவ்வொரு புள்ளியிலும் நின்று நின்று போகும், கீழிருந்து மேலேயும் போகும். கை ஓட்டம் வரவே வராது.

அந்தப் பெயரில் உள்ள முறையை உருவாக்கிய இத்தாலியரான மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி நடத்தினார். அவர் முறையில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது எழுதுவதை அவர் இரண்டு வேலையாகப் பிரித்ததுதான். பென்சிலை ஆள்வதற்கு, உலோக வடிவங்களைச் சுற்றிக் கோடிழுத்து நிரப்புவது. எழுத்தின் வடிவத்துக்கு, உப்புத்தாள் எழுத்தை விரலால் தடவுவது. இரண்டும் தனித்தனியே தேறிய பிறகுதான் பென்சிலால் எழுத்து. நம் விஜயதசமி அரிசித் தட்டிலும் விரல்தான் எழுதுகிறது, அதுவும் பெரிதாக.

உப்புத்தாள் எழுத்தை நீங்களே செய்யலாம். நைஸ் ரகம் வாங்குங்கள், முரட்டுத் தாள் விரலை அறுக்கும். தாளின் பின்பக்கத்தில் எழுத்தை இடவலம் மாற்றி வரைந்து வெட்டினால்தான் முன்பக்கம் நேராக வரும். 10 சென்டிமீட்டர் உயரம், கெட்டி அட்டை. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, எழுதும் திசையிலேயே தடவவேண்டும்.

கைக்கு வலு சேர்க்க மாவு போதும். மைதா இரண்டு கப், தூள் உப்பு ஒரு கப், எண்ணெய் இரண்டு ஸ்பூன், தண்ணீர் முக்கால் கப், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையவேண்டும். மூடி வைத்தால் நான்கைந்து நாள் தாங்கும். மழைக்காலத்தில் உப்பு நீர் விட்டுப் பிசுபிசுக்கும், ஒரு கை மைதா சேர்த்தால் சரியாகிவிடும். சாக்கட்டியை மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக உடைத்துக் கொடுங்கள். முழுச் சாக்கட்டியை முஷ்டியால் பிடிக்கலாம், துண்டை மூன்று விரலால்தான் பிடிக்க முடியும். கரும்பலகை பிள்ளையின் முக உயரத்துக்கு இருக்கட்டும். செங்குத்தான பரப்பில் எழுதினால் மணிக்கட்டு தானாகச் சரியான வாட்டத்துக்கு வரும், தோளுக்கும் வேலை கிடைக்கும். காகிதத்தை இரண்டு சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக்கிக் கொடுத்தால் ஒரே வெட்டில் துண்டாகும். நேர்கோட்டில் வெட்டுவது அடுத்து, வளைவு பிறகு. பயறு பொறுக்கும் வேலை நல்லது, ஆனால் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். மூக்கில் போட்டுக்கொள்ளும்.

நிர்வாகம் நோட்டைக் கேட்கும், தெரியும். ஒரு பக்கத்துக்குப் பதில் ஒரு வரி, பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், வீட்டுப்பாடம் வேண்டாம் என்று பேசிப் பாருங்கள். தேர்வு வைக்கச் சொன்னால், மழலையருக்கு எழுத்துத் தேர்வும் வேண்டாம் வாய்மொழித் தேர்வும் வேண்டாம் என்கிற, தேசியக் கல்வி ஆராய்ச்சி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் 2019 வழிகாட்டுதலைக் காட்டுங்கள். பெற்றோரிடம் காட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஃபைல் போடுங்கள். மாதம் பிள்ளை வரைந்த ஒரு மனித உருவப் படம், பிள்ளை வெட்டிய ஒரு பட்டை, தேதியோடு. ஜூலைப் படத்தையும் டிசம்பர் படத்தையும் பக்கத்தில் வைத்தால் நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது.

ஐந்தாண்டு இலக்கா? இந்த ஓராண்டுக்கு ஒன்று தருகிறேன். தினம் மூன்று பிள்ளைகளைப் பற்றி மூன்று நான்கு வரி எழுதுங்கள், பத்து வேலை நாளில் வகுப்பு ஒரு சுற்று வந்துவிடும். ‘கவனமில்லை’ என்று எழுதாதீர்கள். ‘9.40, மூன்றாவது வரியில் பென்சிலை இடக்கைக்கு மாற்றினாள், வலக்கையை உதறினாள்’ என்று எழுதுங்கள். முதல் மாதம் நீங்கள் எழுதுவதில் பாதி தீர்ப்பாகத்தான் இருக்கும். அடித்துவிட்டுப் பார்த்ததை எழுதுங்கள். அடுத்த நேர்காணலுக்கு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

டிப்ளமா விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கியிருந்தால் போட்டுவிடுங்கள், நோட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து அதில் இரண்டு பக்கம் எனக்கு அனுப்புங்கள், பிள்ளைகளின் பெயரை மறைத்துவிட்டு.